சுமைகூலி

பதினாறு ஆண்டுகளைப்
பதினொரு நொடியில் வாழ்ந்து முடித்தது நிரல்.
ஆண்டுக்கு இருபத்திரண்டு விழுக்காடு.
பேர்கன் மலையில் இழுவை ரயில் ஏறுவதுபோல்
திரையில் பச்சைக் கோடு
ஒரே மூச்சாய் ஏறி நின்றது.
"படகுக்காரர் எல்லாரும் இனி
ஐம்பதிலேயே ஓய்வு பெறலாம்"
என்றான் ஓத்வார்,
பாதி விளையாட்டாக.

தூர்திஸ் காபியை ஊதிக்கொண்டிருந்தாள்.
ஜன்னலில் மழை.
இவ்வூரில் அதை யாரும் செய்தியாகச் சொல்வதில்லை.

முதலில் தரகைக் கழித்தாள்.
எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு ஆணைகள்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு சிட்டிகை,
உப்பு கிள்ளுகிற அளவுதான்.
ஆனால் எட்டாயிரம் கிள்ளல்.
கோடு பதினேழுக்கு வந்தது.

அடுத்து அந்தச் சந்து.
வாங்க வந்தவன் சொல்லும் விலைக்கும்
விற்க வந்தவன் சொல்லும் விலைக்கும் நடுவே
ஒருக்களித்து ஓர் ஆள் நுழையலாம்.
அங்கே நின்று பிழைப்பவர்கள் இருக்கிறார்கள்.
நிரலோ அவர்களை
ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை.
போகும்போது பாதிச் சந்து, வரும்போது பாதி:
பதினொன்று.

கடன் வாங்கி விற்ற பங்குகளுக்கு வாடகை.
ஒன்பது.

கால் பணத்துச் சுண்டைக்காயை மட்டும்
திரும்பத் திரும்ப எண்ணியிருக்கிறது இது.
முக்கால் பணம் கேட்டு
வாசலிலேயே நின்றவனை
ஏறிட்டும் பார்க்கவில்லை.

"ஒன்பது மோசமில்லையே" என்றான் ஓத்வார்.
மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
யாரும் திறக்காத ஒரு பத்தியை
அவள் அப்போதுதான் திறந்தாள்:
அன்றன்று கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை.

இரண்டாயிரத்துப் பதினொன்று,
நவம்பர் பதினாலு, திங்கட்கிழமை.
ஹெல்லேவிக் என்றொரு சிறு கப்பல் நிறுவனம்.
நிரல் வாங்கியது நாற்பதாயிரம் பங்கு.
அன்று காலைமுதல் மாலைவரை
சந்தை முழுவதிலும் கைமாறியது
முந்நூற்றுப் பத்து.

அந்த முந்நூற்றுப் பத்தை விற்றவருக்கு
ஒரு முகம் இருந்திருக்கும்.
கூரை ஒழுகியிருக்கலாம்,
மணமுறிவுக்கு வக்கீல் செலவு இருந்திருக்கலாம்.
மிச்சம் முப்பத்தொன்பதாயிரத்து
அறுநூற்றுத் தொண்ணூறை விற்றது யார்?

யாருமில்லை.
அந்த யாருமில்லாதவர்
எவ்வளவு நல்லவர்!
பேரம் பேசவில்லை.
உனக்கேன் இவ்வளவு என்று கேட்கவில்லை.
நாற்பதாயிரம் கேட்டு நிஜமாக ஒரு குரல் எழுந்திருந்தால்
முயல்போல் காதைத் தூக்கிப் பார்த்து
விலை ஓடியிருக்கும்.
அவர் அதைக் காதைப் பிடித்து நிறுத்தி
காலை விலைக்கே கையில் கொடுத்திருக்கிறார்.
எட்டு மாதம் கழித்து
இரட்டை விலைக்குத் திரும்ப வாங்கிக்கொண்டவரும்
அவரேதான்.

தேடத் தேட அவர்.
கோடு செங்குத்தாக ஏறிய இடமெல்லாம் அவர்.

அன்றன்றைய வணிகத்தில்
இருபதில் ஒரு பங்குக்குமேல் தொடாதே
என்று ஒற்றை வரி எழுதி
மறுபடி ஓட்டினாள்.
ஒன்று புள்ளி நான்கு.

சேமிப்பு வங்கிக்காரன் இதைவிடக் கூடத் தருவான்,
குடையும் இலவசமாகத் தருவான்.
ஓத்வார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, "இயக்குநர் குழுவுக்குப்
பழைய படத்தையும் சேர்த்து அனுப்பலாமா?
ஓர் ஒப்பீட்டுக்காக."
"வேண்டாம்.
படத்தைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள்."

அறிக்கை இரண்டு வரி.
மூன்றாவதாக ஒன்று எழுதி அழித்தாள்:
கயிறு வீசிக் கயிறு வீசித்
தோள் கழன்றவர்களின் பணம் இது.
அது குழுவுக்கும் தெரியும்.

அவன் போனபின்
விளக்கை அணைத்துவிட்டு, கோட்டு மாட்டி,
கையுறை ஒன்றை வாயில் கவ்வியபடி
கழிவு எதுவும் இல்லாத அந்த முதல் நிரலை
இன்னொரு தடவை ஓட்டினாள்.

பதினொரு நொடி.
நின்றுகொண்டே பார்த்தாள்.
எவ்வளவு அழகாக ஏறுகிறது.